நானே

எங்கள் வீட்டில் இப்போது அதிகம் புழங்கும் சொல் "நானே". பாப்பாவுக்கு இரண்டு வயது நான்கு மாதம் ஆகிறது. தீபாவளி வரைக்கும் "அம்மா தா", "அம்மா தூக்கு" என்றுதான் பேசிக்கொண்டிருந்தாள், பொங்கலுக்கு ஊருக்குப் போய் வந்ததும் என்ன ஆனதோ தெரியவில்லை, எதைத் தொட்டாலும் நானே. பல் தேய்க்க நானே, விளக்கைப் போட நானே, மாடிப்படி இறங்க நானே. பால் பாக்கெட்டைக் கத்தரிக்கவும் நானே, அதற்கு மட்டும் நான் இன்னும் சம்மதிக்கவில்லை.

பள்ளியில் தமிழம்மா ஏகாரத்துக்குப் பிரிநிலை, வினா, எண், தேற்றம் என்று வகை சொல்லி மனப்பாடம் செய்யச் சொன்னபோது இதெல்லாம் எதற்கு உதவப்போகிறது என்று நினைத்தவள் நான். தேற்றம் என்றால் உறுதியாகச் சொல்வது. பிரிநிலை என்றால் கூட்டத்திலிருந்து ஒன்றைத் தனியே பிரித்துக் காட்டுவது, மற்றவை எல்லாம் அந்தப் பக்கம், இது மட்டும் இந்தப் பக்கம். பாப்பாவின் "நானே" எந்த வகை என்று ஒரு நாள் பாத்திரம் கழுவும்போது யோசித்துப் பார்த்தேன். சந்தேகமே இல்லை, பிரிநிலைதான். நான், நீ இல்லை. ஒரே ஓர் எழுத்தை வைத்துக்கொண்டு என்னை அந்தப் பக்கம் நிறுத்திவிட்டாள்.

முதலில் அவளுக்கு வந்தது கழற்றுவது. போடுவது எல்லாம் ரொம்பப் பின்னாடி. தொப்பியைக் கழற்றினாள், சாக்ஸைக் கழற்றினாள், ஒரு கல்யாண வீட்டில் பந்தி நடக்கும்போது டயப்பரையும் கழற்றிக் கையில் கொடுத்தாள். குழந்தைகளுக்கு இந்த வரிசையில்தான் வரும், பயப்பட வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். பயம் எல்லாம் இல்லை டாக்டர், மானம்தான் போகிறது.

சாப்பாட்டு விஷயத்தில் எனக்கும் என் மாமியாருக்கும் தினமும் ஒரு சின்ன உரசல். "ஊட்டிவிட்டா ரெண்டு இட்லி சாப்பிடுற பிள்ளை, தானா தின்னா அரை இட்லிகூட உள்ள போக மாட்டேங்குது, நீயும் பாத்துக்கிட்டு நிக்கிறியே" என்பார். கணக்கு சரிதான், நானே எண்ணிப் பார்த்திருக்கிறேன். பழைய செய்தித்தாளை விரித்து நடுவில் அவளை உட்கார வைத்தால், முதலில் இட்லியின் நடுவில் கட்டை விரலை அழுத்திக் குழி போடுவாள். குழிக்குள் சட்னி ஊற்றச் சொல்வாள். ஊற்றினால் அதை இன்னொரு விரலால் வெளியே எடுப்பாள். இட்லி உதிர்ந்து புட்டு மாதிரி ஆனதும் ஒவ்வொரு பருக்கையாக வாய்க்குப் போகும், பாதி வழியில் கவுனில் விழும், விழுந்ததைத் தேடுவதற்கு ஒரு ஐந்து நிமிடம். எனக்கு ஒன்பது மணிக்குப் பஸ். என் கை தானாக அவள் தட்டுக்குப் போகும். அதனால் இப்போதெல்லாம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறேன். பிள்ளை பெற்ற பிறகு நான் பழகிய வேலைகளிலேயே கஷ்டமான வேலை இந்தக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான்.

எல்லாவற்றிலும் விட்டுப் பிடிக்கிற ஆள் என்று என்னை நினைத்துவிட வேண்டாம். எட்டு மாதத்தில் ஒரு சொந்தக்காரர் பிளாஸ்டிக்கில் வட்டமாக, நடுவில் உட்கார வைத்து ஓட்டும் வாக்கர் வாங்கி வந்தபோது அதை அட்டைப்பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை. அண்ணி டொராண்டோவில் இருக்கிறாள், கனடாவில் அதை விற்கவே 2004லிருந்து தடை, படிக்கட்டில் உருண்டு பிள்ளைகளுக்குத் தலையில் அடிபட்டது போதும் என்று நிறுத்திவிட்டார்கள் என்றாள். எங்கள் வீடு மாடி வீடு, கேட்க வேண்டுமா. அப்பா ஊரிலிருந்து மூன்று சக்கர மர நடைவண்டி கொண்டுவந்தார். அது நின்றுகொண்டு தள்ளுவது, பிள்ளை விழுந்தால் அங்கேயே விழும்.

போன மாதம் நடந்ததை எழுதத்தான் உட்கார்ந்தேன், எங்கேயோ போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை, ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருக்கிறேன். பாப்பா கை கழுவப் போனாள், நானே என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். கடுகு வெடிக்கிற சத்தத்துக்கு நடுவில் டக் என்று ஒரு சத்தம். குளியலறைக் கதவில் மேலே ஒரு தாழ்ப்பாள், கீழே ஒரு தாழ்ப்பாள். கீழே உள்ளதை நாங்கள் யாரும் தொட்டதே கிடையாது, அப்படி ஒன்று இருப்பதே ஞாபகம் இல்லை. அவள் உயரத்துக்கு அது சரியாக இருந்திருக்கிறது.

உள்ளே அரை வாளித் தண்ணீர் இருந்தது. அவள் உயரத்துக்கு அரை வாளி போதும். இதை எழுதும்போதுகூட வயிற்றைப் பிசைகிறது.

மாமியார் கதவைத் தட்டி "சாமி, அப்பத்தாகிட்ட வாடா" என்று கத்த, அவர் கத்தியதில் உள்ளே இவள் அழ ஆரம்பிக்க, கீழ்வீட்டு அண்ணன் சுத்தியலோடு படியேறி வந்துவிட்டார். அவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். அந்தத் தாழ்ப்பாளைப் போடுவதற்குத் தள்ளினால் போதும், எடுப்பதற்குக் குமிழை முதலில் மேலே தூக்க வேண்டும், தூக்கியபடியே இந்தப் பக்கம் இழுக்க வேண்டும். இரண்டு வேலை. இரண்டு வயதுப் பிள்ளைக்கு இதைக் கதவுக்கு வெளியே இருந்து எப்படிச் சொல்வது? "பாப்பா, அதுல ஒரு மூக்கு இருக்கு பாரு" என்றேன். அழுகை நின்றது. "மூக்கு" என்றாள். "மூக்கைப் பிடிச்சு மேல தூக்கு." இரும்பு ஆடுகிற சத்தம். "தூக்கிட்டியா? அப்படியே இழு." மறுபடி சத்தம், திறக்கவில்லை. மறுபடி சொன்னேன். மூன்றாவது முறை சொல்ல வாயெடுத்தபோது உள்ளேயிருந்து கோபமாக வந்தது.

"அம்மா நீ பேசாத. நானே."

சரி என்று வாயை மூடிக்கொண்டேன். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை, அடுப்பில் கடுகு கருகிய வாடை வருகிற அளவுக்கு நேரம். அப்புறம் கிரீச் என்று ஒரு சத்தம். கதவு இரண்டு விரல்கடை திறந்தது. கையெல்லாம் சோப்பு நுரையோடு வெளியே வந்தவள், சுத்தியலோடு நின்ற அண்ணனை ஒரு முறை பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "மூக்கு வந்துச்சு" என்றாள். நான் அழுததைப் பார்த்து அந்த ஈரக் கையாலேயே என் கன்னத்தைத் துடைத்தாள், சோப்பு கண்ணில் பட்டு இன்னும் கொஞ்சம் அழுதேன்.

சாயங்காலமே என் வீட்டுக்காரர் அந்தத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டார். மறுநாள் காலையில் பாப்பா ஆணி இருந்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாள். "மூக்கு எங்க?" எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. அவள் திறந்து காட்டியதை நாங்கள் கழற்றி எறிந்தது சரிதானா என்றால், சரிதான், இன்னொரு தடவை நடந்தால் என் உயிர் போய்விடும். ஆனாலும் அவள் கேட்ட விதம் என்னவோ போல் இருந்தது. வாளியைக் கவிழ்த்து வைக்கும் பழக்கமும் அன்றிலிருந்து வந்தது.

இப்போது டவுன் பஸ்ஸில் ஏறினாலும் இதே கதைதான். சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, ஆனாலும் கண்டக்டர் சீட்டு கிழித்துக் கொடுப்பார். ஐந்து வயது வரை பிள்ளைகளுக்குச் சீட்டே கிடையாது. என் கையில் சீட்டு இருக்கிறது, அவள் கையில் இல்லை, விடுவாளா? பெரியார் நிலையத்திலிருந்து ஆரம்பித்து கோரிப்பாளையம் வரும்வரை கையை நீட்டிக்கொண்டே இருந்தாள். கடைசியில் கண்டக்டர் என் சீட்டை வாங்கி அவள் கையில் கொடுத்து, "இனிமே உங்கம்மாவுக்கு நீதான் பொறுப்பு" என்றார். இறங்கும்போது அது வியர்வையில் நனைந்து உருண்டையாகியிருந்தது.

நேற்று சாயங்காலம் கறிவேப்பிலை வாங்கக் கடைக்குக் கிளம்பினோம். செருப்பை நானே என்றாள். வாசற்படியில் உட்கார்ந்து, நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, வாரை இழுத்து, விட்டு, மறுபடி இழுத்து, பத்து நிமிடம். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். எழுந்து நின்றாள், இடது காலில் வலது செருப்பு, வலது காலில் இடது செருப்பு, இரண்டு கட்டை விரலும் ஆளுக்கொரு திசையில் வெளியே பார்த்துக்கொண்டிருந்தன. வாத்து மாதிரி முன்னால் நடந்தாள். தெருவில் எதிரே வந்தவர்கள் நாலைந்து பேர் பார்த்துச் சிரித்தார்கள். கடைக்காரர் கறிவேப்பிலையை என் கையில் கொடுக்காமல் அவள் கையில் கொடுத்தார், அதற்கு அவருக்குக் கோயில் கட்டலாம். கொடுத்துவிட்டுக் கீழே பார்த்தார்.

"ஏம்மா, பிள்ளைக்குச் செருப்பை மாத்திப் போட்டு விட்டிருக்கீங்க."

"தெரியும்ண்ணே" என்றேன்.