டிஎஸ்ஆர் டெஸ்ட்: 7 சதவீத வெற்றிடத்தைப் பிடிப்பதுதான் பாதி வேலை

தார்க் கலவையின் மார்ஷல் ஸ்டெபிலிட்டி (சுமை தாங்கும் வலிமை) 9 கிலோநியூட்டனைத் தாண்டிவிட்டது என்று ரிப்போர்ட்டை மூடிவிடக் கூடாது. அந்த டெஸ்டில் மாதிரி 60 டிகிரி தண்ணீரில் இருப்பது அரை மணி நேரம்தான். மழைக்குப் பிறகு ஜல்லி பெயருமா என்று அது சொல்லாது. அதைச் சொல்வது டிஎஸ்ஆர் (TSR), அதாவது இழுவிசை வலிமை விகிதம். நனைத்து எடுத்த மாதிரியின் இழுவிசை வலிமை, உலர்ந்ததில் 80 சதவீதமாவது நிற்க வேண்டும். விஜி-30 தரத் தாரில் செய்யும் பிட்டுமினஸ் கான்கிரீட்டுக்கு (சாலையின் மேலடுக்குத் தார்க் கலவை) எங்கள் லேபில் செய்வதை எழுதுகிறோம்.

மார்ஷல் மாதிரிக்கு ஒரு பக்கத்துக்குச் சுத்தியலால் 75 அடி. வெற்றிடம், அதாவது உள்ளே இருக்கும் காற்று இடைவெளி, 3 முதல் 5 சதவீதம். டிஎஸ்ஆருக்கு 7 சதவீதம் வேண்டும், அரை சதவீதம் கூடக்குறைய இருக்கலாம். தண்ணீர் உள்ளே போனால்தானே சோதிக்க முடியும்! ஜிஎம்எம் (Gmm, வெற்றிடமே இல்லாத கலவையின் அடர்த்தி) 2.450 என்றால் மாதிரியின் அடர்த்தி 2.279 வர வேண்டும். 101.6 மி.மீ. விட்டம், 63.5 மி.மீ. உயரமுள்ள மாதிரிக்கு அது ஏறக்குறைய 1173 கிராம். எத்தனை அடி என்று யாரையும் கேட்காதீர்கள். 20, 30, 40 அடியில் ஒவ்வொரு மாதிரி போட்டு கிராஃப் வரைந்து பாருங்கள். மோல்டைச் சூடாக்க மறந்தால் ஓரம் குளிர்ந்து, அதே அடிக்கு வெற்றிடம் ஏறிவிடும்.

பலர் தாவிவிடும் இடம் ஒன்று உண்டு. கலந்த உதிரிக் கலவையை 60 டிகிரி ஓவனில் 16 மணி நேரம் வைக்க வேண்டும். பிறகு, மாதிரியைச் சுத்தியலால் அடிக்கும்போது இருக்க வேண்டிய சூட்டில் 2 மணி நேரம். ஜல்லி தாரை உறிஞ்ச இந்த அவகாசம் தேவை.

ஆறு மாதிரிகளை மூன்று மூன்றாகப் பிரிக்கும்போது இரண்டு செட்டின் சராசரி வெற்றிடமும் ஒன்றாக இருக்கட்டும். வெற்றிடம் குறைந்தவற்றை நனைக்கும் செட்டில் தள்ளினால் ரிசல்ட் பொய்யாகிவிடும். நனைக்க வேண்டியதைத் தண்ணீரில் வைத்து, காற்றை உறிஞ்சும் வாக்குவம் பம்ப் போட்டு, ஈரத்துணியால் ஒற்றி எடை பாருங்கள். இந்த அளவு மாதிரியில் வெற்றிடம் 36 சி.சி. அதில் 70 முதல் 80 சதவீதம் நிரம்ப வேண்டும். அதாவது எடை 25 முதல் 29 கிராம் ஏற வேண்டும். குறைந்தால் மறுபடி பம்ப் போடலாம். கூடிவிட்டால் அந்த மாதிரி உடைந்த கணக்குதான், தூக்கிப் போடுங்கள்.

பிறகு நனைத்த செட் மட்டும் மைனஸ் 18 டிகிரியில் 16 மணி நேரம், 60 டிகிரி தண்ணீரில் 24 மணி நேரம். கடைசியில் இரண்டு செட்டும் 25 டிகிரியில் 2 மணி நேரம் இருந்ததும், நிமிடத்துக்கு 50 மி.மீ. வேகத்தில் உடைக்கிறோம்.

உடைந்த துண்டை எறிந்துவிடாதீர்கள். இரண்டாகப் பிளந்து வெளிச்சத்தில் பிடித்தால் கறுத்த முகத்தில் ஜல்லி சாம்பல் நிறத்தில் பளிச்சென்று தெரியும்; தார் உரிந்த இடம் அது. சிலிக்கா மிகுந்த கல்லிலும், தூசி ஒட்டிய ஜல்லியிலும் இது அதிகம். முதலில் ஜல்லியைக் கழுவிப் பாருங்கள். அப்படியும் 80 வராவிட்டால், மொத்த ஜல்லி எடையில் 2 சதவீதம் நீற்றிய சுண்ணாம்பு சேர்த்து, அந்த அளவுக்கு நுண்ஜல்லியைக் குறைக்க வேண்டும். சுண்ணாம்பு மிக நுண்மையானது என்பதால் பழைய தார் அளவு அப்படியே பொருந்தாது. மார்ஷலை மறுபடி போட்ட பிறகே அடுத்த ஆறு மாதிரிகள்.