ஏஜே155 கேட்டலினா, 1/72 அளவில்: சக்கரக் குழிகளை அடைத்தாயிற்று

நான் செய்துகொண்டிருக்கும் கேட்டலினா விமான மாடலில், சக்கரம் மடங்கி உட்காரும் குழிகளை ஒருவழியாக நேற்று ராத்திரி அடைத்து முடித்தேன். மூன்று வாரம் பிடித்தது. பிரைமர் அடித்துப் பார்த்தேன், குழி இருந்த இடமே தெரியவில்லை.

எதற்கு அடைக்க வேண்டும் என்று கேட்கலாம். என்னிடம் இருக்கும் மாடல் கிட் கேட்டலினாவின் பிபிஒய்-5ஏ வகை. தண்ணீரிலும் இறங்கும், தரையிலும் இறங்கும், அதனால் சக்கரம் உண்டு. நான் செய்ய நினைப்பது 1942 ஏப்ரல் 4 அன்று இலங்கையின் கொக்கல ஏரியிலிருந்து கிளம்பிய, ஏஜே155 என்ற எண் கொண்ட விமானம். அது கேட்டலினா மார்க் 1, முழுக்க முழுக்கப் பறக்கும் படகு, சக்கரமே கிடையாது. சக்கரத்தோடு செய்தால் அது வேறு ஏதோ ஒரு கேட்டலினாவாகத்தான் இருக்கும். எனக்கு வேண்டியது அந்த ஒன்று.

ஓட்டியவர் லியோனார்ட் பர்ச்சால், கனடா விமானப்படையின் 413-வது ஸ்குவாட்ரன். இலங்கைக்கு வந்து இரண்டே நாள் ஆகியிருந்தது. பகல் முழுக்கக் கடலைப் பார்த்துக்கொண்டே பறந்து, பொழுது சாயும் நேரத்தில், தீவுக்குத் தென்கிழக்கே ஏறக்குறைய 600 கி.மீ. தொலைவில், அடிவானத்தில் புள்ளிகள் தெரிந்தன. கிட்டப் போனால் ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் கப்பற்படை. அகாகி, ஹிர்யு, சோர்யு, ஷோகாகு, ஸுய்காகு என்று ஐந்து விமானந்தாங்கிகள். நான்கு மாதத்துக்கு முன் பேர்ல் துறைமுகத்தை அடித்த அதே படை. கேட்டலினா ரோந்து போவது மணிக்கு 200 கி.மீ. வேகத்தில். துரத்தி வந்த ஜப்பானியப் போர் விமானம் ஸீரோ 500-ஐத் தாண்டும், இறக்கையில் இரண்டு 20 மி.மீ. பீரங்கி வேறு. தப்பிக்க வழியே இல்லை. கப்பற்படையைப் பார்த்த செய்தியை ரேடியோக்காரர் மூன்றாவது தடவை அனுப்பிக்கொண்டிருக்கும்போது ரேடியோ அடிபட்டது. விமானத்தில் இருந்த ஒன்பது பேரில் மூன்று பேர் இறந்தார்கள். ஆறு பேரை ஜப்பானிய நாசகாரிக் கப்பல் சிறைபிடித்தது.

சரி, குழிக்கு வருகிறேன். இறக்கைக்குக் கீழே உடம்பின் இரு பக்கமும் வட்டமாக, ஆழமாக இருக்கும். 1 மி.மீ. பிளாஸ்டிக் தகட்டில் வட்டம் வெட்டி, உள்பக்கத்திலிருந்து ஒட்டி, மேலே புட்டி வைத்தேன். ஒரு நாள் காயவிட்டுத் தேய்த்தால் சமமாக இருந்தது. நாலு நாள் கழித்துப் பார்த்தால் நடுவில் பள்ளம். புட்டி காயக் காயச் சுருங்கியிருக்கிறது. இரண்டு தடவை இதே மாதிரி ஆனதும் புட்டியைச் சுரண்டி எடுத்துவிட்டு, சூப்பர் குளூவில் முகப் பவுடரைக் குழைத்து அடைத்தேன். இது சுருங்காது. ஆனால் ஒட்டி ஒரு மணி நேரத்துக்குள் தேய்த்துவிட வேண்டும், விட்டால் பிளாஸ்டிக்கைவிடக் கல்லாகிவிடும், சுற்றியிருக்கும் இடம்தான் தேயும். வாட்டர் பேப்பர் 400, 800, 1200 என்று வரிசையாகப் போட்டேன். அந்த இடத்தில் உடம்பு லேசாக வளைந்து போகிறது. கண்ணுக்குச் சரியாகத் தெரிவது விரலுக்குச் சரியாக இருக்காது, கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் தடவிப் பார்த்துத்தான் மேடு பள்ளத்தைக் கண்டுபிடித்தேன். மூக்குச் சக்கரத்தின் கதவுக் கோடுகளையும் அப்படியே மூடிவிட்டேன்.

துப்பாக்கிகளையும் மாற்ற வேண்டியிருந்தது. கிட்டில் வருபவை அமெரிக்கர்களின் தடித்த 12.7 மி.மீ. துப்பாக்கிகள். பிரிட்டிஷ் கேட்டலினாவில் இருந்தவை சின்ன .303 விக்கர்ஸ். நிஜக் குழாயின் பருமனை 72-ஆல் வகுத்தால் 0.3 மி.மீ. பக்கம் வருகிறது. அப்பாவுக்கு வாங்கி வைத்திருக்கும் இன்சுலின் ஊசி அதே பருமன்! புது ஊசி ஒன்றைக் கேட்டு வாங்கி நறுக்கி வைத்தேன். பக்கவாட்டுக் கண்ணாடிக் கூண்டுக்குள் அது எட்டிப் பார்க்கும்போது, ஸீரோவின் பீரங்கிக்கு எதிரே இதை வைத்துக்கொண்டா சண்டை போட்டார்கள் என்று மனசு கனத்துவிட்டது.

உடம்பின் இரண்டு பாதியையும் ஒட்டுவதற்கு முன்னால் ரேடியோ மேசை ஒன்று செய்து வைத்தேன். விமானிகளுக்குப் பின்னால், வழிகாட்டி உட்காரும் அதே அறை. கிட்டில் அந்த இடம் வெறுமையாக இருக்கும். தகட்டில் மேசை, இரண்டு பெட்டி, மெழுகுவர்த்தியில் காட்டி இழுத்த ஸ்ப்ரூவில் (கிட்டின் பாகங்கள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டம்) மோர்ஸ் கீ. ஜன்னல் பொடிசு, மூடிய பிறகு டார்ச் அடித்தாலும் தெரியவில்லை. இருந்தாலும் அது இல்லாமல் இந்த விமானத்தை மூட எனக்கு மனசு வரவில்லை. அந்தச் செய்தி கொழும்பை எட்டியதால்தான் துறைமுகத்தில் இருந்த கப்பல்களில் பல வெளியேற முடிந்தது. மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு காலை ஃபுசிடா தலைமையில் ஜப்பானிய விமானங்கள் வந்தபோது கொழும்பை அடுத்த ரத்மலானை விமானத்தளத்தில் பிரிட்டிஷ் ஹரிக்கேன் போர் விமானங்கள் தரையில் நின்றபடி மாட்டிக்கொண்டதும் உண்மை. ஏப்ரல் 9 அன்று திருகோணமலையும் அடிபட்டது, மட்டக்களப்புக்கு அப்பால் பிரிட்டிஷ் விமானந்தாங்கி ஹெர்மிஸ் மூழ்கி 307 பேர் போனார்கள். ஆனாலும் கொழும்பு தூக்கத்தில் அடிபடவில்லை.

பிரிட்டிஷ் விமானங்களின் வட்டச் சின்னத்தில் ஒரு விஷயம். கிட்டோடு வந்த டெக்கலில் (மாடல் மேல் ஒட்டும் சின்னத் தாள்) நீலமும் வெள்ளையும் மட்டும்தான். ஜப்பானின் சிவப்பு வட்டம் என்று நினைத்து சொந்தப் படையே சுட்டுவிடக் கூடாதென்று இந்தப் பக்கத்து விமானங்களில் நடுச் சிவப்பைப் பின்னால் எடுத்தார்கள். ஏப்ரல் தொடக்கத்தில் சிவப்பு இருந்தது. தனியாக டெக்கல் தாள் வரவழைத்திருக்கிறேன்.

இறக்கையில் இருக்கும் மிதவைகளை மேலே மடக்கி ஒட்டிவிட்டேன். மடக்கினால் அவையே இறக்கை நுனியாகிவிடும், கேட்டலினாவில் எனக்கு ரொம்பப் பிடித்த ஏற்பாடு அது. ஏரியில் நிற்கிற மாதிரி செய்யலாமே என்று தம்பி கேட்டான். நியாயமான கேள்விதான். எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் புழல் ஏரி. அதே 1942-இல் 240-வது ஸ்குவாட்ரனின் கேட்டலினாக்கள் அங்கே வந்து இறங்கின, அந்தத் தளத்துக்கு ரெட்ஹில்ஸ் லேக் என்றே பெயர். சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரியில் போர் விமானங்கள் மிதந்திருக்கின்றன. போன ஞாயிறு கரையில் நின்று, 31.7 மீட்டர் இறக்கை எவ்வளவு தூரம் வரும் என்று அடி வைத்து அளந்து பார்த்தேன். மாடலில் அது 44 செ.மீ. புழல் கேட்டலினாவைத் தனியாக, மிதவை இறக்கி, தண்ணீரில் வைத்துச் செய்கிறேன் என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். இது வானத்தில்தான் இருக்க வேண்டும்.

இனி மேல்பக்கத்துக்குக் கருஞ்சாம்பலும் பச்சை கலந்த சாம்பலும். கூண்டுக் கண்ணாடிக்கு மாஸ்கிங் டேப் ஒட்டியாயிற்று. மழை விட்டு ஈரப்பதம் குறைந்ததும் ஏர்பிரஷ்ஷை எடுக்கிறேன்.