"உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா..."

ஒரு வங்கிக் கிளையில் டெத் கிளைம் பார்ப்பது என் வேலை. இறந்தவரின் கணக்கை முடித்துப் பணத்தைக் குடும்பத்திடம் சேர்க்க வேண்டும். காரியம் முடிந்த கையோடு மஞ்சப்பையில் இறப்புச் சான்றிதழ், ஆதார், பாஸ்புக் எல்லாவற்றையும் திணித்துக்கொண்டு வந்துவிடுவார்கள். நாமினி பெயர் சரியாக இருந்தால் எனக்கு வேலையே இல்லை; பேப்பர்கள் கைக்கு வந்த 15 நாளுக்குள் முடித்துவிட வேண்டும் என்பதுதான் ரிசர்வ் வங்கி விதி.

ஆனால் அடிக்கடி நடப்பது வேறு. வேலையில் சேர்ந்தபோது, கல்யாணத்துக்கு முன்னால் திறந்த கணக்கு, நாமினி அம்மா. அந்த அம்மாவும் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகியிருக்கும், பெயரை மாற்ற வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றியிருக்காது. இப்போது மனைவி எதிரில் நிற்கிறார், நான் தாலுகா ஆபீசில் வாரிசுச் சான்றிதழ் வாங்கி வரச் சொல்கிறேன். "எம் புருஷன் பணத்துக்கு நான் எதுக்கு சார் தாசில்தார்கிட்ட போகணும்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

இன்னொன்று அந்த 436 ரூபாய். பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டுக்காக வருஷா வருஷம் கணக்கில் கழியும் தொகை அது. 55 வயதுக்குள் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் கிடைக்கும். பாஸ்புக்கில் அந்த வரியில் நான் விரலை வைத்துக் காட்டிய பிறகுதான் பல பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவருகிறது. "பேங்க்ல சும்மா சும்மா காசு புடிக்கிறாங்கன்னு அவர் திட்டிக்கிட்டே இருப்பாரு சார்" என்றார் ஒரு அம்மா. யாருமே கேட்டு வராத பணம் 10 வருஷத்துக்கு மேல் கிடந்தால் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். அதற்கப்புறமும் வாரிசுகள் கேட்டு வாங்கலாம், 2023-லிருந்து உத்கம் என்ற தளத்தில் தேடியும் பார்க்கலாம். ஆனால் எந்த பேங்கில் கணக்கு இருந்தது என்றே தெரியாத வீட்டில் யார் உட்கார்ந்து தேடப்போகிறார்கள்?

இதையெல்லாம் உயிரோடு இருக்கும்போதே கேட்டால் என்ன என்றால், கேட்க முடியாது. "நான் எப்ப போவேன்னு காத்திருக்கியா" என்று அப்பா ஆரம்பிப்பார், விளக்கு வைக்கிற நேரத்தில் என்ன பேச்சு இது என்று அம்மா அதட்டுவார். என்னைக் கேட்டால், பாதிப் பிரச்சினை நாம் கேட்கிற விதத்தில் இருக்கிறது. எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்று மகன் ஆரம்பித்தால் எந்த அப்பாவுக்கும் சுருக்கென்றுதான் இருக்கும். தொகை நமக்கு எதற்கு? எந்தெந்த பேங்கு, எல்ஐசி பாண்டு எந்த பீரோவில், நாமினி யார், இது தெரிந்தால் போதும். அதிலும் முதலில் நம்முடையதைச் சொல்லிவிட்டுக் கேட்பது நல்லது. 2025 நவம்பரிலிருந்து ஒரு கணக்குக்கு 4 பேர் வரை நாமினி போடலாம் என்று ஆகிவிட்டது. நான் அதைச் சாக்காக வைத்துத்தான் வீட்டில் பேச்செடுத்தேன், என் நாமினி விவரத்தை அப்பாவிடம் காட்டி, உங்களுடையதையும் ஒருதடவை பார்த்துடலாமாப்பா என்றேன்.

பாஸ்புக், எஃப்டி ரசீது என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார், பென்ஷன் புத்தகத்தில் பெயர் சரியா என்று அவராகவே கேட்டார். இதைவிடக் கஷ்டமான கேள்வி ஒன்று உண்டு. யாருக்காவது ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா? சேமிப்பை மறைக்காத மனிதர்கள்கூட இதை மறைப்பார்கள், கிளையில் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். கடன் வாங்கியவர் கட்டாமல் விட்டு நோட்டீஸ் வரும்போதுதான் வீட்டுக்கே தெரியும். கேட்டேன். அப்பா கொஞ்ச நேரம் ரசீதுகளை அடுக்கிக்கொண்டே இருந்தார், அப்புறம் சிநேகிதர் ஒருவரின் வேன் லோனுக்குப் போட்டிருப்பதாகச் சொன்னார். அவர் தவணையை ஒழுங்காகத்தான் கட்டிவருகிறார், நான் விசாரித்துவிட்டேன். அம்மாதான் அந்த வாரம் முழுக்க அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.