அப்பாவின் கண்ணும் மூன்று பேரும்

பத்தாண்டுகளுக்கும் மேலாக அப்பா தம் கண்களைக் காட்டிய ஒரே இடம் எங்கள் தெருமுனைக் கண்ணாடிக்கடைதான். அங்கே கம்ப்யூட்டர் பரிசோதனை இலவசம். தாங்கியில் தாடையை வைத்தால் உள்ளே நீண்ட சாலையின் கோடியில் ஒரு வண்ணப் பலூன் மங்கித் தெளியும். உடனே பவர் அச்சடித்த துண்டுச் சீட்டு வந்துவிடும். கண்ணுக்கு எவ்வளவு பவர் தேவை என்பதற்கான தோராயக் கணக்கு மட்டுமே அந்தச் சீட்டு என்பதும், கண்ணுக்குள் இருக்கும் அழுத்தத்தையோ பார்வை நரம்பையோ அந்தக் கருவி எட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்பதும் எங்களுக்குத் தெரியாது.

சென்ற ஆண்டு கண் மருத்துவமனைக்குச் சென்றபோது, வெள்ளை அங்கி அணிந்த ஓர் இளம்பெண் அப்பாவைச் சோதித்தார். அப்பா அவரை 'டாக்டரம்மா' என்றழைக்க, "நான் டாக்டர் இல்லைங்க ஐயா, ஆப்டோமெட்ரிஸ்ட்" என்று சிரித்தபடியே திருத்தினார். பார்வையைச் சோதித்துக் கண்ணாடிக்கான பவரைக் கணிக்கும் இந்த ஆப்டோமெட்ரி நான்காண்டுப் பட்டப்படிப்பு. சென்னை சங்கர நேத்ராலயா இதற்கென 1985இலேயே ஒரு கல்லூரியைத் தொடங்கிவிட்டது. கனத்த சோதனைச் சட்டத்தில் வில்லைகளை மாற்றி மாற்றிச் செருகி, "இது தெளிவா, அது தெளிவா" என்று கேட்டு, கருவி சொன்ன பவரைத் திருத்தியவர் அவர்தான். கண்ணழுத்தத்தையும் அவரே அளந்தார். பொதுவாக 10 முதல் 21 மி.மீ. பாதரசம் வரை இருக்க வேண்டிய அழுத்தம் அப்பாவின் வலக்கண்ணில் 28 இருந்தது. எண்ணைக் குறித்தாரே தவிர, நோயின் பெயரைச் சொல்லவில்லை. அது மருத்துவரின் வேலை என்றார்.

எம்.பி.பி.எஸ். முடித்து அதன்மேல் கண் மருத்துவம் பயின்றவரே கண் மருத்துவர். அறுவை சிகிச்சை செய்யும் தகுதியும் அவருக்கே உண்டு. கண்பாவையை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு, அரை மணி நேரம் கண்ணை மூடியிருக்கச் செய்து, பிறகு விளக்கொளியில் உள்ளே பார்த்த அவர், நரம்பின் நடுக்குழி அகன்றிருப்பதைக் கண்டார். கிளாக்கோமா. வலியே இல்லாமல் பக்கவாட்டுப் பார்வையைத் தின்னும் இந்த நோயில் இழந்த பார்வை திரும்புவதில்லை. மிச்சமிருப்பதைக் காக்கத்தான் இரவுதோறும் ஒரு சொட்டு.

கடைக்காரர் மீது எனக்கு வருத்தம் உண்டு, முழுக் கோபமில்லை. சட்டத்தை முகத்தில் பொருத்தி, பாவையின் மையத்தைப் பேனாவால் வில்லையில் புள்ளியிட்டுக் குறிப்பதில் அவர் கெட்டிக்காரர். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே வில்லையாக வரும் ப்ரோக்ரெசிவ் கண்ணாடியில் அந்தப் புள்ளி சற்றுப் பிசகினாலும் படிக்கட்டில் கால் தடுமாறும். ஆனால் நாற்பதைத் தாண்டியவரிடம், அதிலும் சர்க்கரை உள்ளவரிடம், "ஒருமுறை டாக்டரையும் பாருங்கள்" என்று அவர் சொல்லியிருக்கலாம்.

இந்நோய் குடும்பத்தில் தொடரக்கூடும் என்பதால் மருத்துவர் என்னையும் விடவில்லை. பாவையை விரிக்கும் சொட்டு விட்ட கண்களோடு வெளியே வந்த எனக்கு, எதிரே நின்ற பேருந்தின் எண்ணை அப்பாதான் படித்துச் சொன்னார்.