மார்டி க்ராவுக்கு இரண்டு அண்டா கம்போ

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்து நியூ ஆர்லியன்ஸில் கார்னிவல் திருவிழா ஒரு நாள் கூத்து இல்லை. ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாளன்று தொடங்கி, சாம்பல் புதனுக்கு முந்தின செவ்வாய் வரை நீள்கிறது. அந்தச் செவ்வாய்தான் மார்டி க்ரா. மறுநாள் தவக்காலம் பிறந்துவிடும். அதற்குள் கறியையும் கொழுப்பையும் சாப்பிட்டுத் தீர்த்துவிடுவது பழைய கத்தோலிக்க வழக்கம். ஊர்வலத்தையும் மணிமாலைகளையும் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் அதிக நேரம் இருந்தது அடுப்படியில்.

தோழியின் வீடு செயின்ட் சார்ல்ஸ் அவென்யூவுக்கு இரண்டு தெரு தள்ளி. ஊர்வலப் பாதைக்கு இவ்வளவு பக்கத்தில் வீடு இருந்தால் அந்த வாரம் கதவைச் சாத்தவே முடியாது. மார்டி க்ராவுக்கு முந்தின ஞாயிறு முற்பகலில் தொடங்கும் ஊர்வலங்கள், ஒன்றன்பின் ஒன்றாக ராத்திரி பாக்கஸ் ஊர்வலம் வரை போகும். நடுவே ஆட்கள் வீட்டுக்குள் வருவார்கள், சாப்பிடுவார்கள், தெருவில் பாண்டு சத்தம் கேட்டதும் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடுவார்கள். பந்தி போட்டுப் பரிமாறுகிற பேச்சே இல்லை. அதனால் சமையல் சின்னத் தீயில் மணிக்கணக்காக நிற்க வேண்டும், எத்தனை பேர் வந்தாலும் ஈடுகொடுக்க வேண்டும். கம்போ என்ற கெட்டிக் குழம்பு, ஜம்பாலயா என்ற கறிச்சோறு, சிவப்பு பீன்ஸ் மூன்றுமே அப்படிப்பட்டவை. இந்த ஊர்க் கொண்டாட்டத்துக்கு இவை இவ்வளவு பொருந்திப்போனதற்கு எனக்குத் தெரிந்த காரணம் இதுதான்.

அந்த வீட்டில் இரண்டு கம்போ. ஒன்று தோழியின் மாமியாருடையது. அவர் யூனிஸ் ஊர்க்காரர், கேஜன். 1755இல் ஆங்கிலேயர்கள் நோவா ஸ்கோஷியாவிலிருந்து துரத்திய பிரெஞ்சுக் குடியானவர்களின் வழிவந்தவர்கள் கேஜன்கள். லூசியானாவின் சதுப்பு நிலத்திலும் புல்வெளியிலும் குடியேறியவர்கள். இன்னொரு அண்டா பக்கத்து வீட்டு அம்மாவுடையது. அவர் நகரத்தின் செவன்த் வார்டு பகுதியில் பிறந்த கிரியோல். பிரெஞ்சு, ஸ்பானியம், ஆப்பிரிக்கா எல்லாம் ஒரே குடும்பத்தில் கலந்த நகரத்துச் சமையல் அவருடையது.

மாமியார் காலையிலேயே கம்போவுக்கு அடித்தளமான 'ரூ' கிளற உட்கார்ந்துவிட்டார். ஒரு கப் எண்ணெய், ஒரு கப் மைதா, கனமான வார்ப்பிரும்புச் சட்டி, தட்டை முனை மரக்கரண்டி. அவ்வளவுதான் சாமான். ஆனால் முக்கால் மணி நேரம் கையை எடுக்கக் கூடாது. முதலில் வெள்ளைக் கூழாக இருக்கும். அப்புறம் வேர்க்கடலை வறுத்த வாசனை எழும். செம்பு நிறத்துக்கு வந்ததும் எனக்குப் போதும் என்று தோன்றியது. அவர் தலையாட்டிவிட்டுத் தீயைக் குறைத்தார். கடைசியில் கருப்பட்டிப் பாகு மாதிரி கறுத்து மினுங்கியது. அதற்குமேல் அரை நிமிடம் போனால் கரும்புள்ளி விழும். விழுந்தால் சட்டியோடு கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான். ஆகவே சரியான கணத்தில் நறுக்கிய வெங்காயம், செலரி, குடமிளகாயைப் போட்டார். இந்த ஊர்ச் சமையலின் மும்மூர்த்திகள் இவை. காய்களின் ஈரம் பட்டதும் சட்டி சீறி, நிறம் அங்கேயே நின்றது. அந்தக் குழம்பு தெறித்துத் தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும் என்று என்னை ஓரடி தள்ளி நிறுத்தியிருந்தார். பிறகு கோழி எலும்பு வேகவைத்த சாறு, வதக்கிய கோழி, புகைபோட்ட ஆண்டூயி சாசேஜ். தக்காளி கிடையாது. அந்தப் பேச்சை எடுத்தாலே அவர் முகம் மாறுகிறது.

பக்கத்து வீட்டு அம்மாவின் கம்போவில் தக்காளி உண்டு, இறாலும் நண்டும் உண்டு, வெண்டைக்காயும் உண்டு. வெண்டைக்காயை முதலில் எண்ணெயில் வழவழப்புப் போகும்வரை வதக்கினார். நம் அம்மாக்கள் செய்கிற அதே வேலை. ஆனால் இங்கே அந்தக் காய் வந்த வழி வேறு. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களோடு வந்தது. கம்போவுக்கு அவர்கள் கொடுத்ததுதான் அதிகம் என்பது என் கருத்து. இதை எல்லோரும் பிரெஞ்சுச் சமையல் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது சரியில்லை.

வெண்டைக்காய் போடாத கேஜன் கம்போவைக் கெட்டியாக்க ஃபிலே பொடி. சாசஃப்ராஸ் மரத்தின் காய்ந்த இலையை இடித்த பச்சைப் பொடி அது. சோக்டா பூர்வகுடிகளிடமிருந்து வந்தது. கொதிக்கும்போது போட்டால் நூல்நூலாக இழுக்கும். அதனால் கிண்ணத்தில் ஊற்றின பிறகு மேலே தூவிக் கலக்க வேண்டும். மாமியார் ஊரில் சோற்றுக்குப் பதிலாகவோ கூடவோ உருளைக்கிழங்கு சாலட்டையும் கம்போவுக்குள் போட்டுச் சாப்பிடுவார்கள். நான் சாப்பிட்டுப் பார்த்தேன். குளிர்ந்த கிழங்கும் சூடான குழம்பும் நன்றாகவே சேர்கின்றன.

'ரூ' கிளறிக்கொண்டே மாமியார் சொன்னது அவர் ஊர் மார்டி க்ரா பற்றி. அங்கே தேர் கிடையாது. முகமூடியும் கூம்புத் தொப்பியும் போட்டவர்கள் குதிரையிலும் வண்டியிலும் பண்ணை பண்ணையாகப் போய் ஆடிப்பாடிக் கேட்பார்கள். வீட்டுக்காரர்கள் அரிசி, சாசேஜ், வெங்காயம் தருவார்கள். சிலர் உயிர்க்கோழியை வெளியே பறக்கவிடுவார்கள். முகமூடிக்காரர்கள் சேற்றில் விழுந்து புரண்டு அதைப் பிடிக்க வேண்டும். வசூலானது எல்லாம் சேர்ந்து ஊருக்கே ஒரு கம்போ. ஊர் கொடுத்து ஊரே சாப்பிடுகிற சமையல் என்பதால்தான் மனதில் நிற்கிறது.

ஜம்பாலயாவை மருமகன் முறைக்காரர் ஒருவர் கொல்லைப்புறத்தில் கேஸ் அடுப்பில் வைத்தார். பன்றிக்கறியை அடிப்பிடிக்கும்வரை வறுத்து, அந்த அடிப்பிடிப்பை வெங்காய ஈரத்தால் சுரண்டி எடுத்தால் வரும் பழுப்புதான் கேஜன் ஜம்பாலயாவின் நிறம். அரிசி போட்டு மூடியபின் திறக்கவே கூடாது. நகரத்து ஜம்பாலயா தக்காளியில் சிவந்திருக்கும்.

இனிப்புக்கு கிங் கேக். வளையமாகச் சுட்ட லவங்கப்பட்டை ரொட்டி. மேலே ஊதா, பச்சை, தங்க நிறச் சர்க்கரை. இந்த மூன்று நிறங்களும் 1872இல் ரெக்ஸ் என்ற கார்னிவல் குழுவின் முதல் ஊர்வலத்தோடு வந்தவை. உள்ளே ஒரு சின்ன பிளாஸ்டிக் குழந்தை. யார் துண்டில் வருகிறதோ அவர் அடுத்த கேக் வாங்க வேண்டும். ஜனவரி 6க்கு முன்னால் இதைத் தொடுவது தப்பு என்று பக்கத்து வீட்டு அம்மா உறுதியாகச் சொல்கிறார்.

போக நினைப்பவர்களுக்கு: மார்டி க்ரா ஈஸ்டருக்கு 47 நாள் முன்னால் வரும், 2027இல் பிப்ரவரி 9. ஊர்வல நேரத்தில் செயின்ட் சார்ல்ஸ் டிராம் அந்தப் பாதையில் ஓடாது, தெருக்களும் முன்கூட்டியே அடைபட்டுவிடும். யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டால் காலையிலேயே போய்விடுங்கள். 'ரூ' கிளறும்போது பக்கத்தில் நிற்கலாம்.