உறுமவே மாட்டான்னு பெருமையா சொல்லிட்டு இருந்தேன்

மூணு மாசமா எழுதணும் எழுதணும்னு நெனச்சு தள்ளிப் போட்டுட்டே வந்த விஷயம். எங்க நாய் மணி எங்க அக்கா பையன கடிச்சுட்டான். எழுதாததுக்கு காரணம் வெக்கம் தான், வேற ஒன்னும் இல்ல.

மணிக்கு 6 வயசு. யார் வந்தாலும் வால ஆட்டிட்டு போய் காலடியில உக்காந்துக்கற டைப். அன்னைக்கு மத்தியானம் கட்டிலுக்கு அடியில படுத்து தூங்கிட்டு இருந்தான். அக்கா பையனுக்கு 9 வயசு, மணின்னா அவனுக்கு உயிர், பாதி உடம்ப கட்டிலுக்கு அடியில நுழைச்சு அவன் கழுத்த கட்டிப் புடிச்சிருக்கான். நான் அதே ரூம்ல தான் இருந்தேன், போன நோண்டிக்கிட்டு. குரைப்பு கிடையாது, உறுமல் கிடையாது, "மாமா"ன்னு ஒரு சத்தம் மட்டும், அழுகை கூட இல்ல, நம்ப முடியாத மாதிரி ஒரு குரல். கைய வெளிய இழுத்தான். முழங்கைக்கு கீழ ரெண்டு வெள்ளப் புள்ளி, அடிப்பக்கம் இன்னொன்னு. ரத்தமே இல்ல. அப்பாடா பல்லு சும்மா பட்டிருக்கும்னு மூச்சு விடறதுக்குள்ள அந்த மூணு புள்ளியிலயும் மெதுவா செவப்பு ஊற ஆரம்பிச்சுது.

அடுத்த அஞ்சு நிமிஷத்துல நான் பண்ணது எல்லாமே தப்பு. மணியப் பாத்து கத்தினேன், அவன் இன்னும் உள்ள போய் சுவத்தோட ஒட்டிக்கிட்டான். அவன வெளிய இழுக்கப் பாத்தேன், எனக்கும் ஒரு கடி விழாதது என் அதிர்ஷ்டம். பையன் கையப் புடிச்சுட்டு நின்னுட்டே இருக்கான். என் மனைவி தான் ஓடி வந்து அவன குழாய்க்கு கூட்டிட்டுப் போனா, "நாய விடுங்க, ரூம் கதவ சாத்திட்டு வாங்க, கடிகாரத்த பாருங்க, 15 நிமிஷம்"னா.

அந்த 15 நிமிஷம் எவ்ளோ நீளம்னு செஞ்சு பாத்தா தான் தெரியும். ஓடற தண்ணியில, சோப்பு போட்டு, காயத்துக்குள்ள படற மாதிரி கழுவணும். ரெண்டு நிமிஷத்துலயே போதும்னு தோணும், பையன் எரியுதுன்னு அழறான், நமக்கே கை நடுங்குது. ஆனா இது சும்மா முதலுதவிக்கு சொல்ற சம்பிரதாயம் இல்ல. ரேபிஸ் வைரஸ சுத்தி கொழுப்பால ஆன ஒரு உறை இருக்கு, சோப்பு அதக் கரைச்சுடும், வைரஸ் செத்துரும். எச்சில்ல இருந்து காயத்துல இறங்கின வைரஸ் நரம்பப் புடிக்கறதுக்கு முன்னாடி முடிஞ்ச வரைக்கும் அத கழுவி விட்டுடறோம், அவ்ளோ தான் கணக்கு. அதுக்கப்பறம் பொவிடோன் அயோடின் மாதிரி கிருமிநாசினி ஏதாவது போடலாம். கைல கெடச்ச பொடி, பேஸ்ட்டு எதையும் அப்பக்கூடாது, இறுக்கி கட்டும் போடக்கூடாது. நான் தையல் போடுவாங்களான்னு டாக்டர்கிட்ட கேட்டதுக்கு, நாய்க்கடியில அவசரப்பட்டு தையல் போட்டு மூட மாட்டோம், போட்டே ஆகணும்ன்ற நெலமைன்னா முதல்ல காயத்துக்குள்ள இம்யூனோகுளோபுலின், அதாவது வைரஸ உடனே எதிர்க்கற ரெடிமேட் ஆன்டிபாடி, குத்திட்டு தான் போடுவோம்னு சொன்னாரு.

வீட்டு நாய் தானே, தடுப்பூசி எல்லாம் போட்டிருக்கே, ஆஸ்பத்திரி எதுக்குன்னு ஒரு நிமிஷம் நெனச்சேன், பொய் சொல்ல விரும்பல. அப்பறம் மணியோட தடுப்பூசி கார்ட எடுத்துப் பாத்தா பூஸ்டர் தேதி தாண்டி ரெண்டு மாசம் ஆகியிருக்கு. அந்த கார்ட கையில வெச்சுட்டு நின்ன நிமிஷம் இருக்கே, அத எதிரிக்கும் நெனைக்க மாட்டேன். ரேபிஸ் அறிகுறி வந்துட்டா பொழைக்கறது கிட்டத்தட்ட இல்லவே இல்ல. மனுஷனுக்கு வர்ற ரேபிஸ்ல 99 சதவீதம் நாய் மூலமா தான் வருதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. இதெல்லாம் தெரிஞ்ச ஆள் தான் நான், தெரிஞ்சும் ரெண்டு மாசம் "இந்த வாரம் போலாம்"னு ஓட்டியிருக்கேன்.

ஆஸ்பத்திரில கடிய மூணு வகையா பிரிக்கறாங்க. முழுசா இருக்கற தோல் மேல நக்கினா முதல் வகை, அதுக்கு ஊசி தேவையில்ல. ரத்தம் வராத சின்ன கீறல், லேசா பல்லு பட்டது ரெண்டாவது, அதுக்கு தடுப்பூசி. தோல் கிழிஞ்சு ரத்தம் வந்துட்டா மூணாவது, ஒரு சொட்டா இருந்தாலும் மூணாவது தான், அதுக்கு தடுப்பூசியோட இம்யூனோகுளோபுலினும் சேரும். பையனுக்கு மூணாவது. காயத்த சுத்தி அந்த ஊசிய குத்தும்போது கடிச்சப்ப அழாதவன் அழுதான். டெட்டனஸ் ஊசி, காயம் சீழ் புடிக்காம இருக்க ஆன்டிபயாடிக்னு லிஸ்ட் நீண்டுச்சு. நாய் பல்லு ஊசி மாதிரி, மேல சின்ன ஓட்டையா தெரியும், உள்ள ஆழமா அழுக்க எறக்கிட்டுப் போயிருக்கும், அதனால கை, மூட்டு பக்கம் கடின்னா சின்னதா தெரியுதேன்னு விட்றாதீங்க.

காத்துட்டு இருக்கறப்ப அவன சமாதானப்படுத்த ஒரு கதை சொன்னேன். 1885 ஜூலை 6, நாய் கடிச்ச ஒரு பையன அவங்கம்மா ரேபிஸ் தடுப்பூசி கண்டுபிடிச்ச லூயி பாஸ்டர்கிட்ட கூட்டிட்டு வந்தாங்க, ஜோசப் மைஸ்டர்னு பேரு, அதுவரைக்கும் அந்த தடுப்பூசிய பெரும்பாலும் நாய்ங்களுக்கு தான் போட்டு சோதிச்சிருந்தாங்க, பாஸ்டர் பயந்து பயந்து தான் ஒத்துக்கிட்டாரு, பையன் பொழச்சுட்டான், அவனுக்கும் உன் வயசு தான், 9ன்னேன். "அந்த நாய என்ன பண்ணாங்க மாமா?"ன்னு கேட்டான். நான் பேச்ச மாத்திட்டேன்.

ராத்திரி அக்கா போன் பண்ணா. நான் ஆரம்பிச்சேன், அவன் இதுவரைக்கும் யாரையும் கடிச்சதே இல்லக்கா, தூங்கிட்டு இருந்தான், பயந்துட்டான், வேணும்னு பண்ணல, எல்லாரும் அவன ஏதோ பேய பாக்கற மாதிரி பாக்கறாங்கன்னு. அவ முழுசா கேட்டுட்டு, "டேய், பத்து நிமிஷமா பேசற, அவன் கை எப்படி இருக்குன்னு ஒரு வார்த்த கேட்டியா?"ன்னா. கேக்கல. நாய் வளக்கறவங்க எல்லாருக்கும் இது இருக்குன்னு நெனைக்கறேன், நம்ம நாய் மேல பழி வந்ததும் வக்கீல் ஆயிடறோம். கடி வாங்கினவங்களுக்கு நம்ம வாதம் தேவையே இல்ல. தடுப்பூசி கார்டு காட்டணும், அது தேதி தாண்டியிருந்தா மறைக்காம சொல்லணும், செலவ ஏத்துக்கணும், அடுத்தடுத்த ஊசிக்கு கூடப் போகணும். ஒவ்வொரு ஊசிக்கும் நான் தான் கூட்டிட்டுப் போனேன், அக்கா அப்பவும் என்கிட்ட சரியா பேசல, பேச வேண்டிய அவசியமும் அவளுக்கு இல்ல.

அப்பறம் 10 நாள் கணக்கு. நாய்க்கு ரேபிஸ் இருந்தா அறிகுறி தெரியறதுக்கு சில நாள் முன்னாடி தான் எச்சில்ல வைரஸ் வர ஆரம்பிக்கும், அறிகுறி வந்தா சீக்கிரமே செத்துரும். அதனால கடிச்ச நாளுல இருந்து 10 நாள் நாய் நல்லா இருந்துச்சுன்னா கடிச்ச அன்னைக்கு அது எச்சில்ல வைரஸ் இல்லன்னு அர்த்தம். ஆனா 10 நாள் பாத்துட்டு ஊசி போட்டுக்கலாம்னு இருக்கறது பைத்தியக்காரத்தனம், ஊசி அன்னைக்கே ஆரம்பிக்கணும், நாய் நல்லா இருந்தா மிச்சத்த நிறுத்தலாமா வேணாமான்னு டாக்டர் முடிவு பண்ணட்டும். இதனால தான் கோவத்துல நாய எங்கயாவது கொண்டுபோய் விட்டுட்டு வர்றது இருக்கறதுலயே மோசமான வேலைன்றேன், கடி வாங்கினவங்களோட ஒரே தடயத்த நீங்களே தொலைச்சுடறீங்க. சில ஊர்ல கடிய அரசாங்கத்துக்கு தெரியப்படுத்தணும்னு சட்டமே இருக்கு, உங்க ஊர் விதிய கேட்டுக்கோங்க. நாங்க மணிய தனி ரூம்ல வெச்சு கழுத்துப் பட்டையில கயிறு கட்டி மட்டும் தான் வெளிய கூட்டிட்டுப் போனோம். தண்ணி குடிக்கறானா, குரல் மாறுதா, நடை தள்ளாடுதான்னு பாத்துப் பாத்து எனக்கு தான் பைத்தியம் புடிச்ச மாதிரி இருந்துச்சு.

அந்த கெடு நல்லபடியா முடிஞ்சப்பறம் கால்நடை டாக்டர்கிட்ட போனோம். அவங்க முதல்ல கேட்ட கேள்வி, "கடிக்கறதுக்கு முன்னாடி உறுமினானா?" நான் கொஞ்சம் பெருமையாவே சொன்னேன், "இல்ல டாக்டர், அவன் உறுமவே மாட்டான், குட்டியா இருக்கறப்பவே அதட்டி அதட்டி நிறுத்திட்டோம்." அவங்க எழுதிட்டு இருந்த பேனாவ கீழ வெச்சுட்டாங்க.

இந்த இடத்த தான் நான் மூணு மாசமா யோசிச்சுட்டு இருக்கேன். உறுமல் நாயோட கெட்ட குணம்னு நெனச்சேன். அது சொல்ற கடைசி வார்த்த அது. அதுக்கு முன்னாடியும் நெறைய சொல்லும், தலைய அந்தப் பக்கம் திருப்பிக்கும், பசி இல்லாமலே உதட்ட நக்கும், தூக்கம் இல்லாமலே கொட்டாவி விடும், கண்ணோட வெள்ளை ஓரமா பிறை மாதிரி தெரியும், உடம்பு ஒரு நொடி அப்படியே உறைஞ்சு நிக்கும். இதுல எதையும் நாம காதுல வாங்கலன்னா உறுமும். அந்த உறுமலுக்கும் அடி கெடச்சா அடுத்த தடவ அத விட்டுட்டு நேரா பல்லுக்குப் போயிடும். பயம் அப்படியே தான் உள்ள இருக்கும், சொல்றது மட்டும் நின்னுருக்கும். "திடீர்னு கடிச்சுருச்சு"ன்னு எல்லாரும் சொல்றோம்ல, எங்க வீட்டுல அந்த திடீர நாங்களே உக்காந்து சொல்லிக் கொடுத்திருக்கோம்.

வீட்டுக்கு வந்து பழைய போட்டோ எல்லாம் எடுத்துப் பாத்தேன். பையன் மணிய கட்டிப் புடிச்சிருக்கற போட்டோ ஒரு இருபது இருக்கும். எல்லாத்துலயும் பையன் சிரிக்கறான், மணி மூஞ்சிய திருப்பிட்டு இருக்கான். ஒரு போட்டோவுல நாக்கு மூக்கு மேல இருக்கு, அதுக்கு நான் "ஸ்டைல் மன்னன்"னு வேற எழுதி போட்டிருந்தேன்.

டாக்டர் அவன் காத தூக்கிப் பாத்தாங்க. இடது காது உள்ள செவந்து வீங்கி, பழுப்பா கசிவு, ஒரு புளிச்ச வாடை. அவன் ரெண்டு வாரமா தலைய உதறிட்டே இருந்தது எனக்கு அப்ப தான் ஞாபகம் வந்துச்சு. பையன் கட்டிப் புடிச்சது அந்தக் காது மேல. திடீர்னு கடிக்க ஆரம்பிச்ச நாய்க்கு முதல்ல வலி இருக்கான்னு தான் பாக்கணுமாம், காது, பல்லு, மூட்டு, முதுகு. டிரெய்னர தேடறது அதுக்கப்பறம் தான். காது வலி, தூக்கம், அன்னைக்கு வீட்டுல கூட்டம், தப்பிச்சு ஓட வழியில்லாத கட்டில் சந்து, ஒவ்வொன்னும் தனியா வந்திருந்தா தாங்கியிருப்பான்.

கடி எவ்ளோ ஆழம்னும் அளந்து கேட்டாங்க. இயான் டன்பார்னு ஒரு கால்நடை டாக்டர் கடிய ஆறு படியா பிரிச்சிருக்காரு. பல்லே படாம காத்துல கடிக்கறது முதல் படி, உயிர் போறது ஆறாவது. ஒரே கடி, ஒன்னுல இருந்து நாலு ஓட்டை, கோரைப் பல்லுல பாதி ஆழத்துக்கு மேல போகலன்னா மூணாவது. மணி மூணாவது. நாலுல இருந்து கதை வேற, உதறியிருந்தாலோ திரும்பத் திரும்ப கடிச்சிருந்தாலோ அந்த நாயோட வாழறது ரொம்ப கஷ்டம். கருணைக்கொலை பத்தியும் கேட்டேன், கேக்காம இருக்க முடியல. சில நாய்க்கு அது தான் நேர்மையான முடிவா இருக்கும், மணி விஷயம் அங்க இல்லன்னாங்க. வேற வீட்டுக்குக் குடுக்கறதுன்னா கடிச்ச கதைய முழுசா சொல்லிட்டு தான் குடுக்கணும், மறைச்சா அடுத்த குழந்தைய நாமளே மாட்டி விடறோம்.

இப்ப வீட்டுல யார் வந்தாலும் மணி உள் ரூம்ல, கதவு சாத்தியிருக்கும். அவன் படுக்கை பக்கம் யாரும் போகக்கூடாது, நான் உள்பட. வெளிய போனா கடிக்காம இருக்க வாய்ல மாட்டற கூடை, மசில்னு சொல்லுவாங்க, அதுல மூச்சு வாங்கலாம், தண்ணி குடிக்கலாம், வாய இறுக்கி கட்டற துணிப் பட்டைய ரொம்ப நேரம் போடவே கூடாது, நாய் வாயத் தொறந்து மூச்சு விட்டு தான் உடம்பு சூட்ட தணிக்கும். கூடைய பழக்க மூணு வாரம் ஆச்சு. முதல் நாள் தரையில வெச்சோம், மோந்து பாத்தா அவனுக்குப் பிடிச்சத ஒரு துண்டு. அப்பறம் கூடைக்குள்ள துண்டு, மூக்க அவனே விடணும், நாம திணிக்கக்கூடாது. வார் மாட்டினது பத்து நாள் கழிச்சு தான், அதுவும் அஞ்சு நொடி. இப்ப கூடைய எடுத்தாலே மூக்க நீட்டிட்டு வர்றான். வழியில பாக்கறவங்க ஒதுங்கிப் போறாங்க, முதல்ல மனசு வலிச்சுது, இப்ப அது தான் நிம்மதியா இருக்கு.

பையன் போன வாரம் வந்தான். மூணு புள்ளியும் பழுப்பு தழும்பா நிக்குது, அக்கா வரல. கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு "மணி"ன்னு கூப்பிட்டான், அந்தப் பக்கம் வால் தரையில அடிக்கற சத்தம் கேட்டுச்சு, கதவ தொறக்கட்டுமான்னு அவனும் கேக்கல, நானும் சொல்லல.

நேத்து ராத்திரி காதுல மருந்து விடப் போனேன். கை காதுகிட்ட போறதுக்குள்ள தலைய திருப்பினான், உதட்ட நக்கினான், நான் அத கவனிக்காம பாட்டில திறந்துட்டு இருந்தேன், உடனே அடித்தொண்டையில இருந்து மெல்லிசா ஒரு "உர்ர்ர்". குட்டியா இருந்தப்ப நிறுத்தினதுக்கப்பறம் நான் கேட்ட முதல் உறுமல். கைய எடுத்துட்டு, ரெண்டடி தள்ளி தரையில உக்காந்துட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சு அவனே எந்திரிச்சு வந்து என் முழங்கால் மேல தலைய வெச்சான், நல்ல காது மேல பாத்த மாதிரி.