ஐடிஐஎன் வந்தது, சம்பளப் பாக்கியும் பாதி வந்தது

பாஸ்போர்ட் நகலில் நோட்டரி முத்திரை குத்தி ஐடிஐஎன் என்ற அமெரிக்க வரி எண்ணை வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அந்த நாற்காலியை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். ஐஆர்எஸ், அதாவது அமெரிக்க வரித்துறை, அந்த முத்திரையை ஏற்காது. அசல் பாஸ்போர்ட் வேண்டும், இல்லையென்றால் அதை வழங்கிய அரசே சான்று போட்ட நகல் வேண்டும். ஐடிஐஎன் கேட்டுப் போடும் டபிள்யூ-7 படிவத்தோடு வரும் குறிப்பிலேயே இது இருக்கிறது. எனக்குப் படிவம் போட்டுக் கொடுத்த ஆள் அதைப் படித்திருக்கவில்லை, அல்லது படித்தும் கவலைப்படவில்லை. 350 டாலரை மட்டும் எண்ணி வாங்கிக்கொண்டார்.

என் நிலைமையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விசா முடிந்தும் தங்கிவிட்டவன். நியூஜெர்சியில் ஒரு தென்னிந்திய ஹோட்டலில் தோசைக்கல் என் பொறுப்பு. வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்குப் பதினோரு மணி நேரம். மாதம் 2,000 டாலர் ரொக்கம், தங்க ஒரு பேஸ்மென்ட். மனைவிக்கும் பேப்பர், அதாவது இங்கே தங்க அனுமதி, கிடையாது. மகள் இங்கே பிறந்தவள், அவளுக்கு சோஷியல் நம்பர் (குடிமக்களுக்கும் வேலை அனுமதி உள்ளவர்களுக்கும் அரசு தரும் சோஷியல் செக்யூரிட்டி எண்) உண்டு.

2025 ஜனவரியில் முதலாளி ஒரு 1099 தாளை, அதாவது காண்ட்ராக்டருக்குக் கொடுத்த பணத்தைக் காட்டும் வரித் தாளை, நீட்டினார். 24,000 டாலர் என்று போட்டிருந்தது. ரொக்கமாகவே கொடுத்தவருக்கு இது எதற்கு என்று கேட்டால், அவர் கணக்கில் செலவு காட்ட வேண்டுமாம். “நீ காண்ட்ராக்டர்தானே தம்பி” என்றார். மாவு அரைக்க எத்தனை மணிக்கு வரணும், எந்த நாள் லீவு என்பதையெல்லாம் அவர் முடிவு செய்வார், காண்ட்ராக்டர் மட்டும் நான்.

தாள் ஐஆர்எஸ்ஸுக்குப் போய்விட்டது என்றால் கணக்குப் போட்டே ஆகணும். இங்கே தங்க அனுமதி இல்லை என்பது வேறு விஷயம், வரிக்கு அது கணக்கில்லை. இங்கே இருந்த நாட்களைக் கூட்டிப் பார்த்து, வரம்பைத் தாண்டினால் வரி விஷயத்தில் நீங்கள் ரெசிடென்ட். சோஷியல் நம்பர் இல்லாதவர்களுக்காக 1996 முதல் இருப்பதுதான் ஐடிஐஎன், 9-இல் தொடங்கும் ஒன்பது இலக்க எண். வரிக் கணக்கையும் டபிள்யூ-7 படிவத்தையும் ஒன்றாகச் சேர்த்து டெக்சஸ் ஆஸ்டினுக்கு அனுப்பணும்.

கடைத்தெருவில் போர்டு மாட்டியிருந்த அந்த ஆள் முதலில் சொன்ன யோசனையே வேறு. “ஒரு சோஷியல் நம்பரைப் போட்டு அனுப்பிடலாம், ஈஐசி-யும் வரும்.” ஈஐசி என்பது குறைந்த வருமானத்தில் உழைப்பவர்களுக்கான வரிச் சலுகை. யாருடைய நம்பர் என்று கேட்டேன், சிரித்தார். அதற்கு ஒத்துக்கொண்டு மாட்டியவர்களை எனக்குத் தெரியும். வேண்டாம் என்றதும்தான் டபிள்யூ-7 பக்கம் வந்தார். ஈஐசி-யைப் பொறுத்தவரை, ஐடிஐஎன் வைத்திருப்பவர்களுக்கு அது கிடையவே கிடையாது. வாங்கித் தருகிறேன் என்பவர் பொய் சொல்கிறார்.

அடுத்த கோளாறு என் பெயர். நம் ஊர்ப் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி, என் பெயர் மட்டும் கிவன் நேமில். அமெரிக்க விசாவில் அதையே சர்நேம் ஆக்கி, முன்னால் எஃப்என்யூ என்று அடித்திருந்தார்கள், முதல் பெயர் தெரியாது என்று பொருள். கடையில் என்னைக் கூப்பிடுவது குமார். 1099-இல் முதலாளி குமார் என்றே போட்டிருக்க, நம்ம ஆள் அதைக் கடைசிப் பெயராக்கி, அப்பாவின் இனிஷியலை நடுப்பெயராக்கி, பாஸ்போர்ட்டிலும் விசாவிலும் இல்லாத புது மனிதன் ஒருவனை உருவாக்கி அனுப்பிவிட்டார். ஒற்றைப் பெயர்க்காரர்களே, விசாவில் எப்படி இருக்கிறதோ அப்படியே படிவத்திலும் இருக்கணும். கையெழுத்துப் போடும் முன் எழுத்து எழுத்தாகப் பாருங்கள்.

பிப்ரவரியில் அனுப்பியது. “வரும் தம்பி, சீசன்ல பதினோரு வாரம் ஆகும்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சீசனில் ஒன்பது முதல் பதினோரு வாரம் என்பது உண்மைதான். ஆனால் படிவத்தில் முகவரி என்று அவர் எழுதியிருந்தது தன் ஆபீஸ் முகவரியை! மே மாதம் நேரில் போய் உட்கார்ந்தபோது, மேசையோரக் காகிதக் குவியலில் என் பெயரில் பிரிக்காத உறை ஒன்று கிடந்தது. சிபி 566. ஆவணம் போதாது, 45 நாளுக்குள் பதில் தராவிட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும் என்ற நோட்டீஸ். கெடுவில் பாதிக்கு மேல் அந்தக் குவியலிலேயே கரைந்திருந்தது. “ஓ, இதுவா” என்றார். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பணத்தைத் திருப்பிக் கேட்கக்கூட அப்போது தோன்றவில்லை.

இந்தக் கெடு ஏன் முக்கியம் என்றால், 2024 கணக்குக்குக் குழந்தை வரிச் சலுகை இருந்தது. அந்த வருடக் கணக்குக்குக் குழந்தைக்கு சோஷியல் நம்பர் இருந்தாலே போதுமாக இருந்தது, பெற்றோர் ஐடிஐஎன்னில் இருக்கலாம். ஆனால் அந்த ஐடிஐஎன் கணக்குத் தாக்கல் செய்யும் கெடுவுக்குள் கேட்டு வாங்கியதாக இருக்கணும். பிப்ரவரி விண்ணப்பம் உயிரோடு இருந்தால் சலுகை உண்டு. அது செத்து, மே மாதம் புதிதாகப் போட்டால் போச்சு.

அந்த நேரம் பார்த்து இன்னொரு பயம். 2025 ஏப்ரலில் ஐஆர்எஸ் தன்னிடம் உள்ள முகவரிகளைக் குடிவரவுத் துறையோடு பகிர ஒப்பந்தம் போட்டது. கடையில் எல்லோரும் “அனுப்பாதே, நீயே போய் வலையில் விழாதே” என்றார்கள். இலவச சட்ட உதவி வழக்கறிஞர் ஒருவரைப் பார்த்தேன். அவர் முதலில் கேட்டது, என் மேல் நாடுகடத்தல் உத்தரவு ஏதாவது இருக்கிறதா என்பதைத்தான். இல்லை. இருந்திருந்தால் வேறு ஆலோசனை சொல்லியிருப்பேன் என்றார். ஆகஸ்டில் 47,000 பேர் அளவுக்கு முகவரிகள் உண்மையிலேயே கைமாறின, நவம்பரில் ஒரு கூட்டாட்சி நீதிபதி அதை நிறுத்தி வைத்தார். நாளை எந்தப் பக்கம் திரும்பும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. என் முடிவை உங்கள் முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள், வழக்கறிஞரைக் கேளுங்கள்.

பாஸ்போர்ட்டைத் தபாலில் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. கையில் இருக்கும் ஒரே அடையாளம் அதுதான். ஐஆர்எஸ் உதவி மையத்துக்கு நேரில் போனால் அங்கேயே பார்த்துத் திருப்பித் தருவார்கள், ஆனால் அந்த வாரங்களில் மத்திய அரசுக் கட்டடம் எதற்குள்ளும் கால் வைக்கத் துணிவில்லை. மூன்றாவது வழி, சிஏஏ எனப்படும் அங்கீகரிக்கப்பட்ட ஏஜென்ட். நூலகத்தில் நடக்கும் விட்டா இலவச வரி முகாமில் அப்படி ஒரு பெண்மணி இருந்தார். பாஸ்போர்ட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, விசாவையும் பெயரையும் விரல் வைத்து ஒப்பிட்டுப் பார்த்து, அங்கேயே திருப்பிக் கொடுத்தார். எனக்கும் மனைவிக்கும் சான்று எழுதி, சிபி 566 தாளை மேலே வைத்து, என் வீட்டு முகவரியோடு அனுப்பினார். ஒரு பைசா வாங்கவில்லை. கோடையில் ஐடிஐஎன் கொடுத்தாயிற்று என்று சொல்லும் சிபி 565 கடிதம் இரண்டு வந்தன, ஒன்று எனக்கு, ஒன்று அவளுக்கு.

இனி வயிற்றெரிச்சல் பகுதி. என் வருமானத்துக்கு வருமான வரி பூஜ்யம். 2024 கணக்கை இருவரும் சேர்ந்து போட்டால் 29,200 டாலர் வரை கழிவு இருந்ததே. ஆனால் காண்ட்ராக்டர் என்பதால் சுயதொழில் வரி 15.3 சதவீதம், என் கணக்குக்கு 3,391 டாலர். ஊழியன் என்று காட்டியிருந்தால் என் பங்கு 7.65 சதவீதம், மறுபாதியை முதலாளி கட்டியிருக்கணும். அவருடைய பாதியையும் என் தலையில் கட்டத்தான் அந்த 1099! குழந்தைச் சலுகையில் திரும்பக் கிடைக்கும் பகுதி 1,700 கழிந்து, 1,691 டாலர் கட்டினேன். தவணையில் கட்ட ஐஆர்எஸ் ஒத்துக்கொள்ளும், கேளுங்கள். இதில் பெரும்பகுதி சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியத்துக்குப் போகிறது, வயதான காலத்தில் எனக்கு அதில் ஒரு டாலர் வராது. நான் ஒருவன் மட்டும் இல்லை: 2022-இல் மட்டும் பேப்பர் இல்லாதவர்கள் கட்டிய வரி 9,670 கோடி டாலர் என்று ஐடெப் என்ற ஆய்வு நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. ‘வரி கட்டாத கும்பல்’ என்று டிவியில் பேசும்போதெல்லாம் எனக்கு இந்த எண் ஞாபகம் வரும்.

விட்டா பெண்மணிதான் 1099-ஐப் பார்த்துவிட்டு மணி நேரத்தைக் கேட்டார். வாரம் 66. கால்குலேட்டரைத் தட்டி என் பக்கம் திருப்பினார். 2024-இல் நியூஜெர்சி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 15.13 டாலர், 40 மணிக்கு மேல் ஒன்றரை மடங்கு. அப்படிப் பார்த்தால் வாரத்துக்கு 1,195 டாலர் வந்திருக்கணும், எனக்கு வந்தது 460 சொச்சம்.

முதலாளியிடம் பேசிப் பார்த்தேன். “பேப்பர் இல்லாதவனுக்கு என்னடா மினிமம் வேஜ்?” முதல்முறையாக ‘டா’. அவருடைய கணக்கர் ஒரு படி மேலே போய், 2002-இல் சுப்ரீம் கோர்ட்டே உங்களுக்குச் சம்பளம் இல்லை என்று சொல்லிவிட்டது என்றார். இதை நம்பி எத்தனை பேர் வாயை மூடிக்கொண்டார்களோ. அந்த ஹாஃப்மன் தீர்ப்பு சொன்னது, சட்டவிரோதமாக வேலையை விட்டு எடுத்தபின் செய்யாத வேலைக்குச் சம்பளம் கேட்க முடியாது என்பது. செய்து முடித்த வேலைக்குக் கூலி கொடுத்தே ஆகணும், பேப்பர் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

மாநிலத் தொழிலாளர் துறையில் புகார் கொடுத்தேன். குடிவரவு நிலையைக் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டார்கள். 2019 சட்டப்படி ஆறு வருடம் பின்னோக்கிக் கேட்கலாம், பாக்கிக்கு மேல் இருநூறு சதவீதம் வரை அபராதத் தொகையும் உண்டு. கேள்வி எல்லாம் மணி நேரத்தைப் பற்றித்தான். அதற்கு என்னிடம் இரண்டு ஆதாரம்: மேனேஜர் வாட்ஸ்அப் குரூப்பில் ஞாயிறுதோறும் போட்ட ஷிஃப்ட் பட்டியல், அப்புறம் என் மாவு நோட்டு. எத்தனை கிலோ அரிசி, எத்தனை கிலோ உளுந்து, எத்தனை மணிக்கு ஊறப்போட்டேன், எத்தனை மணிக்கு கிரைண்டரைக் கழுவினேன் என்று புளிப்புக் கணக்குக்காக எழுதி வந்த தமிழ் நோட்டு. எண்ணெய்க் கறையோடு அதைத்தான் போட்டோ எடுத்துக் கொடுத்தேன். ரொக்கச் சம்பளக்காரர்கள் இன்றிலிருந்தே எழுதத் தொடங்குங்கள், சொந்தக் கையெழுத்தில் எழுதினாலும் போதும்.

“ஐஸ்-க்கு போன் போடுவேன்” என்று முதலாளி ஒரு முறை சொன்னார், ஐஸ் என்பது குடிவரவு அமலாக்கத் துறை. பழிவாங்கலுக்குத் தனியாகத் தண்டனை உண்டு என்று வழக்கறிஞர் ஒரு கடிதம் அனுப்பியதும் அந்தப் பேச்சு நின்றது. வேலை போனது, பேஸ்மென்ட்டும் போனது. புது வீட்டு முகவரியை ஐஆர்எஸ்ஸுக்கு 8822 படிவத்தில் சொல்லிவிட்டேன், இனி என் கடிதம் யார் மேசையிலும் தூங்கக்கூடாது. கடைசியில் சமரசம். கேட்டதில் பாதிக்குக் கொஞ்சம் மேல், தவணையாக. முழுசாகப் போராடியிருக்கலாம் என்பவர்கள் ஒரு மாத வாடகையைக் கட்டிவிட்டுச் சொல்லட்டும்.

இடையில் சிறுநீரகக் கல் வலி வந்து நள்ளிரவில் எமர்ஜென்சிக்கு ஓடியது தனிக் கதை. வைத்தியத்தில் குறை இல்லை, பில்லிங் கவுண்டரில்தான். தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்டேன், போனில் இந்திக்காரரை இணைத்தார்கள். இந்தி தெரியாது என்று ஆங்கிலத்தில் சொன்னால், “பட் யூ ஆர் இந்தியன்” என்கிறார் கவுண்டரில் இருந்த அம்மா. சோஷியல் நம்பர் இல்லாவிட்டால் சாரிட்டி கேர் (வசதி இல்லாதவர்களுக்கு ஆஸ்பத்திரி பில்லில் தள்ளுபடி) கிடையாது என்றும் சொன்னார். அது தவறு. நியூஜெர்சி சாரிட்டி கேருக்குக் குடிவரவு நிலை தடை இல்லை, வருமானமும் சொத்தும்தான் வரம்பு. சூப்பர்வைசரைக் கூப்பிடச் சொல்லி நின்றேன். வருமானச் சான்றாக முதலாளி கடிதம் கேட்டார்கள், அவரா தருவார்? முத்திரை குத்திய 2024 வரிக் கணக்கை நீட்டினேன், ஏற்றுக்கொண்டார்கள். ஆஸ்பத்திரி பில் முழுதும் தள்ளுபடி. ஆனால் டாக்டர்களின் பில் தனியாக வரும், சாரிட்டி கேர் அதைத் தொடாது. தனித்தனியாகக் கூப்பிட்டுக் குறைக்கச் சொல்லணும்.

மற்ற உதவிகளில் எனக்கும் மனைவிக்கும் ஃபுட் ஸ்டாம்ப் என்ற உணவு உதவி கிடையாது, எமர்ஜென்சி தவிர மெடிக்கெய்டு என்ற அரசு மருத்துவக் காப்பீடும் கிடையாது, 1996 சட்டம் அப்படி. மகளுக்கு எல்லாம் உண்டு. விண்ணப்பத்தில் அவள் பெயருக்கு மட்டும் கேட்கிறோம் என்று எழுதணும், பெற்றோரின் சோஷியல் நம்பர் கட்டத்தைக் காலியாக விடலாம். தாய்க்கும் சிறு குழந்தைக்கும் சத்துணவு தரும் டபிள்யூஐசி-யில் மட்டும் யாரிடமும் குடிவரவு நிலையைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

இன்னும் ஒன்று. ஐடிஐஎன் வேலை அனுமதி இல்லை. புது இடத்தில் வேலைக்குச் சேரும்போது சோஷியல் நம்பர் கட்டத்தில் அதை எழுதாதீர்கள். மூன்று வருடம் தொடர்ந்து வரிக் கணக்கில் பயன்படுத்தாவிட்டால் காலாவதியாகிவிடும், மறுபடி டபிள்யூ-7 போடணும்.

2025 கணக்குக்கு அதே நூலகத்தில் நேரம் வாங்கியிருக்கிறேன். முதலாளி கொடுத்த பாக்கித் தவணைகளும் வருமானம்தான், காட்டணும். குழந்தைச் சலுகை இந்த முறை எங்களுக்கு இல்லை. 2025 ஜூலையில் வந்த சட்டப்படி குழந்தைக்கு மட்டும் சோஷியல் நம்பர் இருந்தால் போதாது, பெற்றோரில் ஒருவருக்காவது இருக்கணும். சலுகையை எதிர்பார்த்து பட்ஜெட் போட்டு வைத்திருப்பவர்கள் இப்போதே அந்த 1,700-ஐ அடித்துவிடுங்கள்.